பள்ளிக்கூடத்துக்குத் தாய்மாமன்

பள்ளிக்கூடம் வயதுக்கு வந்த அன்று காலையில் எங்கள் வீட்டுத் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சேந்தநேரியில் யாரைக் கேட்டாலும் சுவரைப் பற்றித்தான் சொல்வார்கள், தண்ணீரைப் பற்றி ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

என் கடை பெண்கள் மேல்நிலைப்பள்ளி வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் கொல்லையில் ஒரு கழிப்பறை. பேனா, பென்சில், தேன்மிட்டாய், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று, அப்புறம் கேட்கிற பிள்ளை கேட்காமலே கண்ணால் காட்டினால் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுக் கொடுக்கிற நாப்கின், இவ்வளவுதான் என் வியாபாரம். பள்ளிக்கூடத்தில் கழிப்பறை என்ற பெயரில் கதவில்லாத இரண்டு மறைவுகள் இருந்தன. புதுக் கட்டடம் கட்டப்போகிறோம் என்று வந்தவர்கள் முதலில் இடித்தது அந்த இரண்டையும்தான். அன்றிலிருந்து இன்டர்வெல் மணி அடித்ததும் பிள்ளைகள் லாரி போகிற ரோட்டைத் தாண்டி என் கொல்லைக்கு ஓடி வந்தார்கள். நான் கடையில் உட்கார்ந்து மாங்காய் நறுக்குவேனா, இந்தப் பக்கம் லாரி வருகிறதா, அந்தப் பக்கம் பஸ் வருகிறதா என்று பார்த்துக் கையை நறுக்கிக்கொள்வேனா? வராதே என்று சொல்லவும் மனசில்லை. தொட்டி காலியாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் மாரிச்சாமி தினமும் கத்துவார். கத்தட்டும். அவர் அவசரத்துக்கு ஊரில் எத்தனையோ சுவர் இருக்கிறது.

பள்ளிக்கூடம் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம் என்கிற கனத்தில் சுண்ணாம்புச் சுவர், வளைவு வளைவாக வராந்தா, நடுவில் மணிக்கூண்டு. கோடையில் உள்ளே போனால் மண்பானைக்குள் போனது போல் குளிர்ந்திருக்கும். வருடம் தவறாமல் வெள்ளை அடிப்பார்கள், அதனால் வெயில் நேரத்தில் அதை நேராகப் பார்க்க முடியாது, கண் கூசும். எங்கள் ஊர்ப் பெண்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் எல்லோரும் அந்த வெள்ளைக்குள்ளிருந்து வந்தவர்கள்தான். பாதியில் வந்தவர்களும் அதற்குள்ளிருந்துதான் வந்தோம்.

அதோடு ஒட்டிப் புதுக் கட்டடம் ஒன்று எழுப்புவதென்று பள்ளிக் கமிட்டித் தலைவர் கோட்டைச்சாமி முடிவு செய்தார். அது எப்படி இருக்கும் என்று வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். முகப்பு முழுக்கக் கண்ணாடி, லிஃப்ட், ஏசி போட்ட கூட்ட அரங்கு, தலைவருக்குச் சோபாவோடு தனி அறை, பழைய கட்டடத்தின் மேற்குச் சுவரை உடைத்து இரண்டையும் இணைக்கிற கண்ணாடி நடைபாதை. படத்தில் சேந்தநேரியில் யாரும் பார்த்திராத சிவந்த பிள்ளைகள் பை மாட்டிக்கொண்டு சிரித்தார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலைமூலையாகத் தேடினேன். தேடியது அதில் இல்லை. ரோட்டைத் தாண்டிப் போய்த் தலைமையாசிரியை எஸ்தர் டீச்சரிடம் கேட்டேன்.

"டீச்சர், இதுல பிள்ளைகளுக்குக் கக்கூஸ் எங்கிட்டு இருக்கு?"

"ரெண்டாம் கட்டத்துல வரும்னு சொல்லியிருக்காங்க பஞ்சவர்ணம்."

"அப்ப பிள்ளைகளுக்கும் ரெண்டாம் கட்டத்துல வரும்னு சொல்லி வைங்க."

டீச்சர் சிரிக்கவில்லை. நல்ல மனுஷிதான், ஆனால் கமிட்டி போட்ட கையெழுத்தில் சம்பளம் வாங்குகிற மனுஷி.

தொட்டி வறண்ட அந்த வியாழக்கிழமை மேற்குச் சுவரை உடைக்க மிஷினோடு ஆள் வந்தது. சாரம் கட்டி, ஏறி, மிஷினைச் சுவரில் வைத்து ஒரு சாண் கூட இறங்கியிருக்காது, சுவரின் கீழ்ப்பக்கத்தில், அந்தக் கூசுகிற வெள்ளையில், ஒரு சிவப்பு தெரிந்தது. முதலில் ரூபாய்க் காசு அளவு, பிறகு தட்டு அளவு, பிறகு அது மெல்ல இறங்கி அஸ்திவாரக் கல்லை நனைத்தது. வேலையாட்கள் மிஷினை நிறுத்திவிட்டு இறங்கினார்கள். இன்ஜினியர் தம்பி விரலால் தொட்டு, மோந்து, மண்ணில் இரும்புச் சத்து இருக்கிறது, சுண்ணாம்போடு சேர்ந்து வருகிறது என்று சொல்லி ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். அந்தப் பாட்டில் என்ன ஆனது என்று பிறகு ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் சீனியம்மா வந்துவிட்டாள்.

சீனியம்மா எங்கள் தெருக்காரி, ஊரில் எந்த வீட்டுச் சடங்கும் அவள் வராமல் தொடங்காது. குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து கன்னத்தில் கை வைத்தாள்.

"அடி ஆத்தே, பள்ளிக்கூடம் சமைஞ்சிருச்சு!"

"இத்தனை வருசம் கழிச்சா மதினி?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒவ்வொரு பிள்ளைக்கு ஒவ்வொரு நேரம். கை வச்சதும் பயந்து போயி ஆயிருப்பா."

அவ்வளவுதான், அதற்குமேல் ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வேலையாட்கள் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார்கள். பெண்கள் உலக்கையைக் கொண்டுவந்து வாசலுக்குக் குறுக்கே போட்டார்கள், வேப்பிலை செருகினார்கள், உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய் ஊற்றிச் சுவரின் அடியில் வைத்தார்கள், களி மறுநாள் காலையில் இல்லை, நாய் தின்றது என்று சொன்னவனை ஊரே முறைத்தது. பி.டி. சார் நாலு ஆளை வைத்துப் பனை ஓலையால் மேற்குச் சுவரைச் சுற்றி மறைப்புக் கட்டினார், வயசுக்கு வந்த பெண்ணைத் தனியாக உட்கார வைக்கிற குச்சு அதுதான். தபால்காரர் கடிதங்களைக் கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டுப் போனார். மணிக்கூண்டில் இருந்த புறாக்களில் ஆண் எது, பெண் எது என்று தெரியாததால் எல்லாவற்றையும் விரட்டினார்கள். மினி பஸ் கண்டக்டர், "சடங்கு ஸ்கூல்லாம் எறங்கு" என்று கூவினார், இறங்குகிறவர்களும் அதைக் கேட்டுச் சரியான இடத்தில் இறங்கினார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து சொந்தம் விசாரிக்கிற மாதிரி ஆட்கள் வந்து, "நல்லா இருக்காளா? வயித்து வலி ஏதும் உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

குச்சில் இருக்கிற பெண்ணுக்குள் ஆள் போய் வரலாமா? கூடாது என்றார்கள். பள்ளிக்கூடத்தைச் சாத்தினார்கள்.

என் மகள் சுபிக்ஷா பத்தாவது. பங்குனியில் பரீட்சை. புத்தகப்பையை மாட்டிக்கொண்டு கேட் வரை போனவள் உலக்கையைத் தாண்டக் கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டு, கடையில் மிட்டாய் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். பத்து நாள் வீட்டில் இருக்கிற பெண் ஊர்க் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிவாள் என்று எனக்குத் தெரியும். நினைத்த மாதிரியே என் நாத்தனார் வெள்ளையம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"பள்ளிக்கூடமே மூலையில உக்காந்திருச்சு, இனி இவ எங்கிட்டுப் போயி உக்காருவா? எம் மகன் திருப்பூர்ல கை நெறைய வாங்குறான். சும்மா சொல்லி வைக்கிறேன் மதினி, பேசி வச்சுக்கிருவோம்."

"அவளுக்குப் பதினஞ்சு வயசு."

"ஒனக்கு என்ன வயசுல கல்யாணம் ஆச்சாம்?"

நான் மாரிச்சாமியைப் பார்த்தேன். அவர் வாழைப்பழத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பெண்ணுக்கு நடக்கிறதெல்லாம் இந்த மாதிரிச் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் நடந்திருக்கிறது. அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை, அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து பார்த்தேன், கதவைப் பூட்டினேனா என்று பார்த்தேன், பிள்ளை மூச்சு விடுகிறாளா என்றுகூடப் பார்த்தேன்.

எனக்கு எட்டாவதில் ஆனது. இதே வராந்தாவில், பூகோள வகுப்பில். பாவாடை வெள்ளை. எங்கே போவது, எங்கே கழுவுவது, எங்கே நின்று அழுவது என்று தெரியாமல் பைக்கட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாகவே வீட்டுக்கு நடந்தேன், டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். குச்சில் உட்கார வைத்து, காத்துக் கருப்பு அண்டாமல் இருக்கக் கையில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்தார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், மாலை போட்டார்கள், ஊருக்கே சாப்பாடு போட்டார்கள். எல்லாம் முடிந்ததும் பையை எடுத்தேன். "அங்க போயி எங்கடி ஒதுங்குவ?" என்று கேட்டு அம்மா அதைப் பரணில் போட்டுவிட்டாள். ஒரு கேள்விதான். அந்தப் பையில் முடிக்காத ஒரு உலகப்படம் இருந்தது, கடலுக்கு மட்டும் நீலம் அடித்திருந்தேன்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கே அது நடக்கிறதென்றால் எனக்கு ஆச்சரியமாக இல்லை. கோபமாக இருந்தது.

இதற்குள் ஊரில் பெரிய சண்டை. பள்ளிக்கூடத்துக்குத் தாய்மாமன் யார்? அரிசி மில்காரர் நான் என்றார், பழைய பிரசிடெண்ட் நான் என்றார், கோட்டைச்சாமி நான் என்றார். மூன்று பேரும் போட்டி போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், என் கடைக்கு வெளிச்சமே வரவில்லை. கடைசியில் கோட்டைச்சாமி ஜெயித்தார்.

"அஸ்திவாரம் போடும்போது சுண்ணாம்பு அரைக்கக் கருப்பட்டியும் கடுக்காயும் குடுத்தது எங்க தாத்தன். பொறந்த வீட்டுச் சீர் எங்க வீட்டுலருந்துதான் வந்திருக்கு. அப்ப நாந்தானய்யா மாமன்?"

பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை அவர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற ஃப்ளெக்ஸ். மணிக்கூண்டுக்கு மாலை போட்ட படம், கீழே "எங்கள் வீட்டு இளவரசிக்குப் பூப்புனித நீராட்டு விழா", அதற்கும் கீழே அவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில் "தாய்மாமன்".

அதோடு விட்டாரா? வயசுக்கு வந்த பெண்ணைச் சும்மா வைத்திருக்கக் கூடாது, சடங்கன்றைக்கே கல்யாணத்தையும் முடித்துவிடலாம் என்றார். மாப்பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறானே என்று பாதி எழும்பிய புதுக் கட்டடத்தைக் காட்டினார். நல்ல உயரம், கான்கிரீட் உடம்பு, கண்ணாடி முகம். மஞ்சள் வடக்கயிற்றால் இரண்டையும் சுற்றிக் கட்டினால் முடிந்தது, அப்புறம் சுவரை உடைத்தால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்றார். கட்டிக்கொடுத்த பிறகு பழைய கட்டடத்துக்குப் பெயர் பாரம்பரிய மாளிகை, பூட்டி வைத்து விசேஷங்களுக்கு மட்டும் திறப்பார்கள். புதுக் கட்டடம் முடிகிற வரைக்கும் சின்னப் பிள்ளைகளுக்குக் கொட்டகை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் டவுனுக்குப் போய்க்கொள்ளலாம். டவுனுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். சேந்தநேரியில் எந்தத் தகப்பனும் பெண்ணை இரண்டு பஸ் மாற விட மாட்டான். மாரிச்சாமியும் தகப்பன்தான்.

கமிட்டிக் கூட்டத்துக்குப் போனேன். கூப்பிடவில்லை, போனேன்.

"பெரிய பிள்ளைகளை வெளிய அனுப்பாதீக. ஓலையைப் பிரிச்சிட்டு வகுப்பை நடத்துங்க. மொதல்ல ஒதுங்க ஒரு எடம் கட்டுங்க."

கோட்டைச்சாமி காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார், "ஏத்தா, எட்டாவதே தாண்டல நீயி. கட்டடம் கட்டுறதைப் பத்தி ஒனக்கு என்னத்தா தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். எஸ்தர் டீச்சர் மட்டும் தரையைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து மாங்காயை நறுக்கினேன். நறுக்க நறுக்கத் தட்டில் இடமில்லாமல் போனது. "ஏன்ம்மா இவ்வளவு?" என்று கேட்டாள் சுபிக்ஷா. "தின்னு" என்றேன்.

சடங்கன்று பந்தல், சீரியல் லைட், மைக் செட், பக்கத்து ஊரிலிருந்து மேளம். கோட்டைச்சாமி பட்டு வேட்டி கட்டி, மாமன் சீரைத் தட்டுத் தட்டாகத் தூக்க வைத்து ஊர்வலமாக வந்தார். மணிக்கூண்டுக்குச் சுற்ற ஊரிலேயே நீளமான பட்டு, நெய்தவர்கள் தெருவில் வைத்து மடித்தார்களாம். பிள்ளைகள் பாவாடை தாவணியில் வரிசையாக நின்றார்கள், என் மகளும் நின்றாள், வெள்ளையம்மா அவளைத் தலையிலிருந்து கால் வரை அளந்துகொண்டு நின்றாள். ஒரு ஓரத்தில் மஞ்சள் வடம் சுருட்டி வைத்திருந்தது. சுபிக்ஷா அதையே பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, என்னைத் திட்டுகிற மாதிரி ஒரு பார்வை. நீ என்ன பண்ணினாய் என்று கேட்கிற பார்வை.

மஞ்சள் தண்ணீர்க் குடத்தைச் சீனியம்மா எடுத்தாள். பெண்கள் குலவை போட்டால் ஊற்றிவிடலாம். எல்லோரும் நாக்கைச் சுழற்றத் தயாரானார்கள். அப்போது எனக்கு முன்னால் அந்தப் பனை ஓலை மறைப்பு இருந்தது, பி.டி. சாரின் ஆட்கள் கட்டிய மறைப்பு, ஒரு பக்கம் சரிந்து, கதவில்லாமல், உள்ளே ஒரு வாளிகூட இல்லாமல். நான் யோசித்துப் பேசவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"மாமன் குச்சு கட்டலையே."

சீனியம்மாவின் கை நின்றது.

"என்னடி சொன்ன?"

"தாய்மாமன் கையால குச்சு கட்டணும்ல மதினி? இதைக் கட்டுனது பி.டி. சாரு."

"பி.டி. சாரு என்ன முறை வேணும் பொண்ணுக்கு?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"ட்ரில் மாமன்!" என்றாள் இன்னொருத்தி. பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. ஆனால் சீனியம்மா சிரிக்கவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். எங்கள் ஊர்ப் பெண்கள் எதையும் பொறுத்துக்கொள்வார்கள். அடித்தால் பொறுப்பார்கள், குடித்துவிட்டு வந்தால் பொறுப்பார்கள், மகளைப் பாதிப் படிப்பில் நிறுத்தினால் பொறுப்பார்கள். முறை தப்பினால் மட்டும் பொறுக்க மாட்டார்கள்.

"அண்ணே," என்றாள் சீனியம்மா, "குச்சு நீங்க கட்டலையா?"

கோட்டைச்சாமி மைக்கில் சிரித்தார். "அட, அதெல்லாம் அப்பறமாப் பாத்துக்கிருவோம்மா. நல்ல நேரம் போகுது. மொதல்ல தண்ணிய ஊத்துங்க. குச்சு கிச்செல்லாம் ரெண்டாம் கட்டத்துல பாத்துக்கலாம்."

ரெண்டாம் கட்டத்துல. மைக்கில் அது ஊர் முழுக்கக் கேட்டது. தெற்குத் தெரு வரைக்கும் போய், கண்மாய்க் கரையில் இடித்து, திரும்பி வந்து எங்கள் காதில் இன்னொரு தடவை விழுந்தது. எனக்குத் தெரிந்த பெண்கள், அந்த வராந்தாவிலிருந்து பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்த பெண்கள், ஆறாவதோடு, ஏழாவதோடு, எட்டாவதோடு நின்ற பெண்கள், எல்லோரும் அந்த வார்த்தையை எங்கேயோ கேட்ட மாதிரி ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். எங்களுக்கென்று இருந்த எல்லாமே ரெண்டாம் கட்டத்தில்தான் இருந்தது.

நான் உட்கார்ந்தேன். மண்ணிலேயே உட்கார்ந்தேன். "நான் குலவை போட மாட்டேன்."

சீனியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு சேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் விரிந்தன, பந்தலில் பெண்கள் பக்கம் நிற்பவர் யாருமில்லை. மேளக்காரர்கள் அடித்துப் பார்த்தார்கள், குலவை இல்லாத மேளம் யாரையோ கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்த மாதிரி நின்றுபோனது. சுவரின் சிவப்பு ஓலையைத் தாண்டி வெளியே வந்தது, அவசரமில்லாமல், தரையோடு தரையாக, கண்ணாடி நடைபாதைக்குத் தோண்டிய பள்ளத்தில் இறங்கி ஏறி, புதுக் கட்டடத்தின் தூணில் மாப்பிள்ளையின் முழங்கால் உயரத்துக்கு ஏறியது. இன்ஜினியர் தம்பி பாட்டிலைத் தேடினார்.

"என்னம்மா விளையாட்டு இது? எந்திரிங்க!" என்று கோட்டைச்சாமி கத்தினார். பிறகு தன் பெண்டாட்டி தனபாக்கியத்தைப் பார்த்து, "நீ போடு குலவையை" என்றார்.

தனபாக்கியம் சீர்த்தட்டை இறக்கி வைத்தாள். ஊரில் யாரோடும் அதிகம் பேசாதவள், காரில் போகிறவள். எங்களோடு மண்ணில் உட்கார்ந்தாள்.

"நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. முறை செய்யாத மாமன் வீட்டுப் பொண்ணுக்கு நாளைக்கு எவ வந்து குலவை போடுவா? கட்டிட்டு வாங்க."

பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை அவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில் தாய்மாமன் என்று போட்டிருந்தது. அதைக் கிழித்துக்கொண்டு போக அவருக்கு வழி இல்லை. அரிசி மில்காரர் தொண்டையைச் செருமி, "முடியலைன்னா சொல்லுங்க மாப்ள, நான் கட்டுறேன்" என்றார். அதுதான் அவரை உசுப்பியது. பட்டுச் சட்டையைக் கழற்றினார்.

"ஓலை கொண்டாங்கடா."

"ஓலை ஒரு நாளைக்குத்தான் தாங்கும்," என்றாள் சீனியம்மா. "இவ்வளவு பெரிய பொண்ணுக்கு ஓலையா? செங்கல்லு வைங்க."

"கதவு போடுங்க," என்றாள் ஒருத்தி.

"உள்ள தண்ணி வரணும்," என்றாள் இன்னொருத்தி. "வாளியில தூக்கி ஊத்துற தண்ணி இல்ல. குழாயில."

"உள்பக்கம் தாழ்ப்பாள்," என்றேன் நான்.

கோட்டைச்சாமி பல்லைக் கடித்தார். "எத்தனை ரூம்த்தா வேணும் ஒங்களுக்கு?"

"அவ வயித்துக்குள்ள எத்தனை பிள்ளைக இருக்குதுகளோ அத்தனைக்கும் காணணும்," என்றாள் சீனியம்மா.

மேற்குச் சுவரை ஒட்டித்தான் குச்சு வர வேண்டும், அதுதான் முறை. அங்கே ஒட்டி வந்துகொண்டிருந்தது தலைவரின் சோபா அறை. இன்ஜினியர் தம்பி வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, வேறு இடமில்லை என்றார். முதல் செங்கல்லைக் கோட்டைச்சாமி பட்டு வேட்டியோடு குந்தி வைத்தார், சாந்து தெறித்தது, வாய்க்குள் என்னென்னவோ சொல்லிக்கொண்டார், நல்ல வார்த்தைகளாக இருக்காது. ஒரு கல்லோடு எழுந்துவிடப் பார்த்தார். நாங்கள் எழவில்லை. அவரும் எழ முடியவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் முறை வைத்து உட்கார்ந்தோம், சோறு அங்கேயே பொங்கினோம், பிள்ளைகள் எங்களைச் சுற்றி உட்கார்ந்து சத்தம் போட்டுப் பாடம் படித்தார்கள், எஸ்தர் டீச்சர் உலக்கைக்கு வெளியில் நாற்காலி போட்டு வகுப்பு எடுத்தார். கூரை ஏறி, குழாயில் தண்ணீர் வந்து, தாழ்ப்பாளைச் சீனியம்மா தன் கையால் போட்டுத் திறந்து போட்டுத் திறந்து பார்த்த பிறகுதான் அவள் தலையை ஆட்டினாள். அன்று நாங்கள் போட்ட குலவையில் விரட்டிய புறாக்களெல்லாம் திரும்பி வந்தன என்கிறார்கள். எனக்குத் தெரியாது, நான் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன்.

மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் கோட்டைச்சாமி வடத்தைத் தூக்கினார். "சரி, கல்யாணத்தையும் முடிச்சிருவோம்."

சீனியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பொண்ணு படிச்சிக்கிட்டிருக்காண்ணே. படிப்பு முடியட்டும்."

"பள்ளிக்கூடத்துக்கு எப்பத்தா படிப்பு முடியும்?"

"முடியிறப்பச் சொல்லி அனுப்புறோம். அதுவரைக்கும் மாப்பிள்ளை நிக்கட்டும். நல்ல எளந்தாரிதான், ஓடியா போயிரப் போறான்?"

நின்றுகொண்டுதான் இருக்கிறான். கண்ணாடியெல்லாம் போட்டு முடித்துவிட்டார்கள். மேற்குச் சுவரை உடைக்கவில்லை, நடைபாதை இல்லை. மழை பெய்தால் பிள்ளைகள் இந்தக் கட்டடத்திலிருந்து அந்தக் கட்டடத்துக்குக் குடை பிடித்து ஓடுகிறார்கள், கம்ப்யூட்டர் அங்கே, பாடம் இங்கே. மாதாமாதம் சுவரில் சிவப்பு வருகிறது. யாரும் பள்ளிக்கூடத்தைச் சாத்துவதில்லை. பிள்ளைகள் போகிற போக்கில் சுவரைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், ஆயா சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி விடுகிறாள், அவ்வளவுதான்.

சுபிக்ஷா பரீட்சை எழுதினாள், பதினொன்றில் சேர்ந்தாள். வெள்ளையம்மா வேறு வீட்டுக்கு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். "நாந்தான் படிக்க வைக்கிறேன்" என்று மாரிச்சாமி டீக்கடையில் சொல்கிறார். சொல்லட்டும். கழிப்பறை வாசலில் கறுப்புக் கல்லில் பொன்னெழுத்தில் "தாய்மாமன் சீர்" என்று போட்டு, கோட்டைச்சாமி பெயரும் படமும் பதித்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது. கழிப்பறைக்குப் போகிற பிள்ளை ஒவ்வொன்றும் அந்த ஆள் கும்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

திறந்து கொஞ்ச நாள் கழித்து, இன்டர்வெல்லுக்கு முன்னால், கடையைச் சாத்திவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. வராந்தா வழியாக நடந்தேன், பூகோள வகுப்பைத் தாண்டினேன், அந்தக் கறுப்புக் கல்லைப் பார்க்காமல் உள்ளே போய் ஒரு கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டேன். விரல் நீளம்கூட இருக்காது. அன்றைக்குக் குச்சில் என் கையில் கொடுத்த இரும்பு இதைவிடப் பெரிது. டக்கென்று ஒரு சத்தம், வெளியே இருக்கிற எல்லாம் வெளியே நின்றுவிட்டது. குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. மூடினேன், நின்றது. இவ்வளவுதானா? இந்த விரல் நீளத் துண்டுக்கா என் பையைப் பரணில் போட்டார்கள்? நீலம் அடித்த கடலை, மிச்சமிருந்த நாடுகளை எல்லாம்? அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைப் பிடுங்கி எவன் தலையிலாவது போட வேண்டும் போல் இருந்தது. எவன் தலையில் என்று யோசித்தால் ஊர் மொத்தமும் வரிசையில் நின்றது.

மணி அடித்தது. தடதடவென்று ஓட்டம், சிரிப்பு, என் கதவில் தட்டு.

"யாரு உள்ள? சீக்கிரம் வாங்க!" சுபிக்ஷாவின் குரல். பிறகு கதவுக்கடியில் என் செருப்பைப் பார்த்திருக்க வேண்டும். "யம்மா, நீயா? நம்ம வீட்டுல இல்லாத கக்கூஸா? வெளிய வா, எனக்கு அவசரம்."

"வரிசையில நில்லுடி," என்றேன். "எனக்கு முடியல இன்னும்."